திரையின் நடுவில் நின்றவன்

அத்தை பிரான்சிலிருந்து திரும்பி வந்த அன்று எங்கள் தெருவில் யாரும் வாசலுக்கு வரவில்லை. புதுச்சேரியில் அப்படி நடக்காது. பிரான்சிலிருந்து ஒருவர் வந்து இறங்கினால், கார்க் கதவு சாத்துகிற சத்தத்துக்கே நாலு வீட்டுக் கதவு திறக்கும். எத்தனை பெட்டி, சென்ட் பாட்டில் யாருக்கு, சாக்லேட் யாருக்கு என்று பார்ப்பதில் தெருவுக்கே ஒரு சந்தோஷம் உண்டு. அன்றைக்கு எல்லாக் கதவுகளும் சாத்தியே கிடந்தன. அத்தையின் ஒரே மகன் அங்கே ஆஸ்பத்திரியில் இறந்துபோய்ச் சில மாதங்களாகியிருந்தன. துக்கம் கேட்க வருவதா, ஊருக்கு வந்தவளைப் பார்க்க வருவதா என்று அவர்களுக்கும் புரிந்திருக்காது.

அப்பா காரிலிருந்து ஒரு சூட்கேசையும் கனமான ஓர் அட்டைப்பெட்டியையும் இறக்கினார். தோளில் மாட்டியிருந்த கைப்பையை மட்டும் அத்தை யாரிடமும் கொடுக்கவில்லை. வீட்டுக்குள் வந்து, கூடத்தில் டிவி வைத்திருந்த மர அலமாரியின் மேல்தட்டைத் தன் முந்தானையால் துடைத்து, கைப்பையிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு உலோக டப்பாவை எடுத்து அங்கே வைத்தாள். அதன் மேல் சின்னப் பித்தளைத் தகட்டில் அவன் பெயர் பிரெஞ்சு எழுத்தில் பொறித்திருந்தது. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார்.

எங்கள் வீடு பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. அப்பாவுக்கு மார்க்கெட்டில் வாழை இலைக் கடை. அம்மா தட்டாஞ்சாவடியில் மாத்திரைகளை அட்டைப் பெட்டியில் அடைக்கும் ஒரு சின்ன கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் ஏழாம் வகுப்பு படித்தேன். அத்தை மகனை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன். அவர்கள் விடுமுறைக்கு வந்தபோது எங்கள் இரண்டு பேருக்கும் பல் விழுகிற வயது. இட்லி மாவில் விரலை விட்டு நக்கியதற்காக இரண்டு பேரும் சேர்ந்து அடி வாங்கியது நினைவிருக்கிறது. அந்தப் பையன் இந்த டப்பாவுக்குள் இருக்கிறான் என்று அம்மா சொன்னபோது நான் நம்பவில்லை. டப்பா அவ்வளவு சின்னதாக இருந்தது.

"தொடாத. பக்கத்துலயும் போவாத" என்றாள் அம்மா.

வந்த வாரமே அப்பா தயங்கித் தயங்கிப் பேச்செடுத்தார். சாம்பலை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. கடல் இதோ இருக்கிறது. சின்னப் பையன், பெரிய சடங்கெல்லாம் தேவையில்லை. ஒரு ஐயரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டு போய்க் கரைத்துவிட்டு வரலாம். அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கேட்டாள். கடைசியில், "அவன் வேல ஒன்னு பாக்கி இருக்குதுண்ணா. அது முடியட்டும்" என்றாள்.

அந்த வேலை அட்டைப்பெட்டிக்குள் இருந்தது.

பெட்டியைத் திறந்தபோது எனக்குப் பெரிய ஏமாற்றம். உள்ளே தடித்த கறுப்பு விசைப்பலகை ஒன்று, ஒரு கேசட் பிளேயர், அதற்குள் ஒரு கேசட், ஒரு மொத்தையான பிரெஞ்சுப் புத்தகம், சில ஒயர்கள். விசைப்பலகைதான் கம்ப்யூட்டரே என்றாள் அத்தை. எங்கள் பள்ளிக்கூடத்து லேபில் மவுசும் வண்ணத் திரையுமாக நல்ல கம்ப்யூட்டர்கள் இருந்தன. வாரத்துக்கு ஒருமுறை அதில் படம் வரைவோம். இது அத்தை மகன் பிறப்பதற்கு முன்பே வழக்கொழிந்துபோன சாமான். உடம்புக்கு வந்து பள்ளிக்கூடத்தை நிறுத்திய பிறகு, அங்கே தெருச்சந்தையில் பழைய பொருட்களுக்கு நடுவில் இதைப் பார்த்து, வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினானாம். ஓடியாட முடியாத பிள்ளை ஏதோ கேட்கிறானே என்று வாங்கிக் கொடுத்தார்களாம்.

இதை எங்கள் டிவியோடு இணைப்பதே பெரும்பாடாகிவிட்டது. பிரான்சு டிவிக்கான பிளக் நம்மூர் டிவியில் சேராது. மார்க்கெட் மூலையில் இருந்த ரிப்பேர் கடைக்காரர் இரண்டு முறை வந்து, ஒயரை வெட்டி ஒட்டி, எப்படியோ படம் வரவைத்தார். வண்ணம் மட்டும் வரவில்லை. "படம் வந்ததே பெரிசும்மா" என்று சொல்லிவிட்டு, டப்பாவைப் பார்த்து, அது என்ன என்று கேட்காமல், டீயைக் குடிக்காமலே கிளம்பிப் போனார்.

அவன் பதிந்து வைத்திருந்த அந்தக் கேசட்டைப் போட்டால் அது கீச்சென்று கத்தும். அந்தக் கத்தலுக்குள்தான் புரோகிராம் இருக்கிறது; கம்ப்யூட்டர் அதைக் கேட்டு மனப்பாடம் செய்துகொள்ளும். எத்தனையோ முறை பாதியில் பிழை என்று பிரெஞ்சில் சொல்லி நின்றுவிடும். அத்தை பஞ்சில் ஓடிகொலோன் தொட்டு கேசட் பிளேயரின் உள்ளே துடைத்துவிட்டு மறுபடி முயல்வாள். படம் வந்த அன்றைக்கு எப்படியோ ஏறியது.

திரையின் வலது ஓரத்தில் ஒரு வீடு. அதற்கு ஒரு கதவு. இடது ஓரத்திலிருந்து ஒரு குட்டி மனிதன் வந்தான். தலையில் தொப்பி. காலை மாற்றி மாற்றி வைத்து, விறுவிறுவென்று நடந்து, திரையின் நடுவுக்கு வந்து நின்றான். அவ்வளவுதான். எந்த விசையை அழுத்தினாலும் அசையவில்லை.

"அந்த சட்ட சிவப்பு" என்றாள் அத்தை. எங்கள் டிவியில் அது சாம்பலாகத்தான் தெரிந்தது. "தொப்பி நீலம். முடியெல்லாம் கொட்டினப்புறம் போட்டுக்கிட்டானே, அதே தொப்பி."

கதவுக்குள் என்ன இருக்கிறது என்று நான் கேட்டேன்.

"அதத்தான் சொல்ல மாட்டேன்னுட்டான் பாப்பா. முடிச்சப்புறம் காட்டறேன்மா, நீயே பாருன்னான். கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்குக் காலையில சொன்னான், முடிச்சிட்டேம்மா, ஒரே ஒரு தப்பு இருக்குது, வந்து கண்டுபுடிச்சிட்டா கதவு தொறந்துடும்னு."

அந்தத் தப்பைக் கண்டுபிடிப்பதுதான் பாக்கியிருந்த வேலை. அதற்கு அவன் எழுதிய பாஷை தெரிய வேண்டும். அது மனிதர்கள் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்த பாஷை அல்ல, கம்ப்யூட்டரே பேசுகிற பாஷை, வெறும் எண்கள். சுலபமான பாஷை ஒன்றும் அதில் உண்டு. அதில் முதலில் எழுதிப் பார்த்தானாம். "கெழவன் மாரி நடக்கறாம்மா" என்று அழித்துவிட்டு, ஆளை வேகமாக நடக்கவைக்க வேண்டும் என்றே இதைப் படித்தானாம். அப்போது அவனுக்கு மாடிப்படி ஏற இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது என்று அத்தை சொன்னாள். எனக்கு அந்த இரண்டையும் சேர்த்து யோசிக்கத் தோன்றவில்லை.

புத்தகம் பிரெஞ்சில் இருந்தது. அத்தை அங்கே ஒரு பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைக்கும் வேலையில் இருந்தவள். பிரெஞ்சு பேசுவாள், படிப்பது எழுத்துக்கூட்டித்தான். எனக்குப் பிரெஞ்சு தெரியாது, ஆனால் கணக்கு வரும். அதனால் இந்த விஷயத்தில் யாரும் யாருக்கும் டீச்சராக இல்லை. அம்மா வேலைக்கும் அப்பா கடைக்கும் போயிருக்கிற சாயங்காலங்களில், பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைப் போட்டுவிட்டு நான் அத்தையோடு உட்காருவேன். அவள் ஒரு வரியைப் படித்துத் தமிழில் சொல்வாள். 'ஷார்ஜே' என்றால் மூட்டையை ஏற்றிக்கொள். 'ரான்ஜே' என்றால் இடத்தில் எடுத்து வை. 'சோத்தே' என்றால் தாவு. நான் அதை வைத்து என்ன நடக்கிறது என்று கணக்குப் போடுவேன்.

எனக்கு அது பெரிய மார்க்கெட் மாதிரி விளங்கியது. கம்ப்யூட்டரின் நினைவில் வரிசையாகக் கடைகள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு கதவு எண். கடைக்குள் சரக்கு ஒரே ஓர் எண்தான். அதுவும் இருநூற்று ஐம்பத்தைந்துக்கு மேல் கொள்ளாது. இந்தக் கடைகளுக்கு நடுவே மூட்டை தூக்குகிறவர் ஒருவர் ஓடிக்கொண்டே இருக்கிறார். அவருக்கு ஏ என்று ஒரு கை, பி என்று ஒரு கை. ஒரு கடையில் எடுப்பார், இன்னொரு கடையில் வைப்பார், ஒன்றைக் கூட்டுவார், ஒன்றைக் குறைப்பார். குறைத்துக்கொண்டே வந்து கையில் பூஜ்யம் ஆகாவிட்டால் திரும்பப் பின்னால் தாவுவார். அவருக்கு எதற்காகத் தூக்குகிறோம் என்று தெரியாது. குட்டி மனிதன் நடக்கிறான் என்றெல்லாம் அவருக்கு ஒன்றும் தெரியாது.

அத்தைக்கு இந்த விளக்கம் பிடித்திருந்தது. அப்பாவிடம் சொல்லிச் சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்து அதுதான் முதல் முறை. அதற்காகவே அம்மா என்னை அவளோடு உட்கார விட்டாள் என்று நினைக்கிறேன். ஆனாலும் டிவிக்கு மேல்தட்டில் டப்பா, கீழே கத்துகிற கேசட், அதற்கு முன்னால் தன் பெண் என்ற காட்சி அம்மாவுக்கு ஒப்பவில்லை. வேலையிலிருந்து வந்ததும் என்னை நேராகக் குளிக்க அனுப்புவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தையின் கணவர், அங்கேயே இருந்துவிட்ட மாமா, பிரான்சிலிருந்து போன் செய்வார். அப்பாவிடம் அங்கே குளிரா, இங்கே மழையா என்று பேசிவிட்டு வைத்துவிடுவார். அத்தையிடம் கொடுக்கச் சொல்லி அவர் கேட்டதில்லை. அத்தையும் எழுந்து வந்ததில்லை.

மழைக்காலம் போய்ப் பொங்கலும் போயிற்று. எழுத்து விசைகள் இடம் மாறியிருக்கிற அந்தப் பிரெஞ்சு விசைப்பலகைக்கு என் விரல்கள் பழகிவிட்டன. பள்ளிக்கூட லேபில் தப்பும் தவறுமாக அடித்துத் திட்டு வாங்கினேன். நானே சின்னச் சின்ன புரோகிராம்கள் எழுதினேன். திரையில் ஒரு புள்ளியை நகர்த்துவது, ஒரு கோடு போடுவது. ஓர் எண் தவறினாலும் எல்லாம் உறைந்துபோகும்; அணைத்துவிட்டு முதலிலிருந்து அடிக்க வேண்டும். அடித்து முடிக்கிற நேரத்துக்குக் கரண்ட் போகும். அத்தை கொஞ்சமும் அலுத்துக்கொள்ள மாட்டாள். "போனா போவுது, திரும்ப அடி" என்பாள். அவளுக்கு நேரம் நிறைய இருந்தது.

கடைசியில் அவன் எழுதியதற்கு வந்தோம். புத்தகத்தில் சொல்லியிருந்தபடி, அவனுடைய புரோகிராம் உட்கார்ந்திருந்த கடைகளின் எண்களை எல்லாம் வரிசையாகத் திரையில் கொண்டுவந்து, பழைய காலண்டர் தாள்களின் பின்புறம் எழுதிக்கொண்டோம். பிறகு புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருந்த அட்டவணையைப் பார்த்து ஒவ்வோர் எண்ணாக வார்த்தையாக்கினோம். ஏற்று. வை. குறை. பூஜ்யமில்லையென்றால் தாவு. அவன் கால்கள் அங்கே இருந்தன. தொப்பி அங்கே இருந்தது. வீடும் இருந்தது. அவன் கெட்டிக்காரன். நான் நாலு வரியில் செய்ததை அவன் இரண்டில் செய்திருந்தான். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், அத்தை சோறு வடித்துக்கொண்டிருந்தபோது, நான் அந்த இடத்துக்கு வந்துவிட்டேன். முப்பத்திரண்டு, இருநூற்று ஐம்பத்து நான்கு. முப்பத்திரண்டு என்றால் தாவு. எவ்வளவு தூரம் என்று சொல்வது அடுத்த எண். இருநூற்று ஐம்பத்து நான்கு கடை தாண்டியா என்றால் இல்லை. அந்தப் பாஷையில் பின்னால் போவதற்குத் தனி எண் கிடையாது; பூஜ்யத்திலிருந்து மீட்டரைப் பின்னோக்கிச் சுற்றுவது மாதிரி, இருநூற்று ஐம்பத்தைந்து என்றால் ஒன்று பின்னால், இருநூற்று ஐம்பத்து நான்கு என்றால் இரண்டு பின்னால். இந்த இரண்டு எண்களுக்கும் அடுத்த கடையிலிருந்துதான் எண்ண வேண்டும்; அங்கிருந்து இரண்டு பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். அதே முப்பத்திரண்டுதான் இருந்தது. அதாவது, தாவு என்று சொல்லி, தாவுகிற இடமும் அந்தத் தாவு என்ற சொல்லே. மூட்டைக்காரர் அங்கே வந்ததும் இருந்த இடத்திலேயே தாவிக்கொண்டிருப்பார், கரண்டை நிறுத்துகிற வரைக்கும்.

புத்தகத்திலேயே அதைப் பற்றி ஒரு வரி இருந்தது. அத்தை முன்பே அதை எனக்குப் படித்துச் சொல்லியிருந்தாள். மேற்கொண்டு இன்னும் எழுதவில்லை என்றால், புரோகிராம் தறிகெட்டு ஓடாமலிருக்க இதைப் போட்டு நிறுத்தி வையுங்கள்.

அதற்கு அடுத்த கடைகளைப் பார்த்தேன். பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்.

நான் கத்தினேன். "அத்த! கண்டுபுடிச்சிட்டேன்!"

அவள் கஞ்சி சொட்டுகிற கையோடு ஓடி வந்தாள்.

"தப்பே இல்ல அத்த. அவனேதான் நிக்க வெச்சிருக்கான். இதோ பாரு, இங்கயே நில்லுன்னு எழுதியிருக்கான். அதுக்கப்புறம் ஒன்னுமே இல்ல. எல்லாம் சைபர்."

"கதவு?"

"கதவு தொறக்கறதெல்லாம் எழுதவே இல்ல."

"நல்லா பாரு பாப்பா. வேற எடத்துல வெச்சிருப்பான்."

பார்த்தேன். கடைசிக் கடை வரைக்கும் ஓட்டிக் காட்டினேன். திரை முழுக்கப் பூஜ்யங்கள் ஏறி ஏறிப் போயின.

"முடிச்சிட்டேன்னு சொன்னானே" என்றாள் அத்தை.

"பொய் சொல்லியிருக்கான் அத்த" என்றேன் நான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவ்வளவு கெட்டிக்காரன் முடிக்காமல் விட்டதை நான் கண்டுபிடித்திருக்கிறேன். அத்தை என்னைக் கட்டிக்கொள்வாள் என்று காத்திருந்தேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கையிலிருந்த கஞ்சி தரையில் சொட்டிக் காய்ந்தது. பிறகு அவள் உள்ளறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த நாளும் எழுந்திருக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. அம்மா வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சியை ஊட்டிப் பார்த்தாள். உதட்டோரமாக வழிந்தது. காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தால் காய்ச்சல் இல்லை. டாக்டர் வந்து ஊசி போட்டார். நான்தான் ஏதோ சொல்லியிருக்க வேண்டும் என்று அம்மா என்னை விசாரித்தாள். கண்டுபிடித்ததைச் சொன்னேன், முழுவதும், இரண்டு பின்னால் என்பது வரைக்கும். அம்மாவுக்குப் பாதிதான் விளங்கியது. ஆனால் கேட்டு முடித்ததும் என்னைத் திட்டவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு அது விசித்திரமாக இருந்தது.

அப்பாதான் கடைசியில் கோபப்பட்டார். கடையிலிருந்து வந்தவர், டிவியிலிருந்து ஒயரைப் பிடுங்கினார். "இந்த சனியன மொதல்ல தூக்கிப் பழைய சாமான்காரன்கிட்ட போடறேன். இது வந்துதான் இவள இப்பிடி படுக்க வெச்சிடுச்சி."

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. ரொம்ப நாள் பேசாத குரல் மாதிரி கரகரத்தது.

"வோணாண்ணா. அது பாப்பாவுக்கு இருக்கட்டும்." பிறகு, "நாளைக்குக் கடலுக்குப் போவலாம்" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் போனார்கள். பெண்பிள்ளைகள் வரக்கூடாது என்று ஐயர் சொல்லிப் பார்த்தாராம். அத்தை டப்பாவை மடியிலிருந்து இறக்கவில்லை. அரியாங்குப்பம் ஆறு கடலில் சேருகிற முகத்துவாரத்தில் அப்பாவுக்குத் தெரிந்தவர் படகு எடுத்தார். டப்பாவின் மூடி இறுகிப்போயிருந்தது. அப்பா, படகுக்காரர் எல்லோரும் திருகிப் பார்த்தும் திறக்கவில்லை. கடைசியில் படகுக்காரர் மீன் கத்தியால் நெம்பித் திறந்தார். காற்று கரைப்பக்கம் அடித்ததால் பாதிச் சாம்பல் அத்தையின் புடவையிலேயே விழுந்தது. அதை அவள் தட்டிவிடவில்லை, அப்படியே உட்கார்ந்து வந்தாள் என்று அப்பா அம்மாவிடம் சொல்லும்போது நான் கேட்டேன்.

என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எனக்கு அது ஒரு அநியாயமாகப்பட்டது. படகில் நான் போனதே இல்லை. அந்தக் கோபத்தில்தான் கம்ப்யூட்டரை மறுபடி இணைத்து, மீதியை எழுத ஆரம்பித்தேன்.

அவன் விட்ட இடம் எனக்குத் தெரியும். அவன் என்ன முறையில் எழுதுவான் என்றும் தெரியும். நில் என்ற அந்த இரண்டு எண்களை எடுத்துவிட்டு, பதினெட்டு, பதினெட்டு என்று போட்டேன். பதினெட்டு என்றால் ஒன்றும் செய்யாதே, மேலே போ. அதற்குப் பிறகு இருந்த பூஜ்யங்களில் என் எண்களை நிரப்பினேன். மீதித் தூரத்தை நடக்க வேண்டும், வீட்டு வாசலில் நிற்க வேண்டும், கதவு திறக்க வேண்டும். முழுப் பரீட்சை லீவும் அதற்குத்தான் போயிற்று. அவன் கேசட்டில் நான் கை வைக்கவில்லை. கடையில் வெற்றுக் கேசட் ஒன்று வாங்கி, அதில் பதிந்தேன்.

கடலுக்குப் போய் வந்த பிறகு அத்தை எழுந்து நடமாடினாள். சாப்பிட்டாள். காலையில் அப்பாவோடு கடைக்குப் போய் இலைகளை எண்ணிக் கட்டினாள். அலமாரியின் மேல்தட்டில் அம்மா கடிகாரத்தை வைத்துவிட்டாள். அத்தை டிவிப் பக்கம் திரும்புவதே இல்லை. நான் என்ன எழுதுகிறேன் என்றும் கேட்கவில்லை. நல்லதாகப் போயிற்று, முடித்துவிட்டுத் திடீரென்று காட்டலாம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பெரிய யோசனை, கதவுக்குள் எதை வைப்பது என்பதுதான். அவன் என்ன நினைத்திருந்தான் என்பது யாருக்கும் தெரியாது. புதையல், நாய்க்குட்டி, பிறந்தநாள் கேக் என்று என்னென்னவோ வரைந்து பார்த்தேன். கட்டம் போட்ட தாளில் நிரப்பி, வரிசைக்கு ஓர் எண்ணாக மாற்ற வேண்டும். எதுவும் சரியாக வரவில்லை. பிறகுதான் எனக்குத் தோன்றியது: அவன் எழுதிய பாதியில் அவன் இருக்கிறான், தொப்பியோடு. நான் எழுதிய பாதியில் நான் இருக்க வேண்டாமா? இரட்டைச் சடையும் பாவாடையுமாக என்னை வரைந்தேன். சடைகள் நன்றாகவே வந்தன.

ஒரு மத்தியானம் அத்தையைக் கையைப் பிடித்து இழுத்து வந்து டிவி முன்னால் உட்கார வைத்தேன். வேண்டாம் என்றாள். ஒரே ஒரு தடவை என்றேன். கேசட் கத்தி முடித்தது.

குட்டி மனிதன் இடது ஓரத்திலிருந்து வந்தான். நடுவுக்கு வந்தான். நிற்காமல் போனான்.

அத்தை எழுந்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் அதே விறுவிறு நடையில் மீதித் திரையையும் நடந்து, வீட்டு வாசலில் போய் நின்றான். கதவு திறந்தது. உள்ளே இரட்டைச் சடையோடு ஓர் உருவம்.

"யாரது?" என்றாள் அத்தை, மெதுவாக.

"நான்தான் அத்த! சட தெரியுதா?"

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவ்வளவு அழுத்தமாக அவள் என்னை அதற்கு முன்பும் பின்பும் பிடித்ததில்லை. வளையல் கையில் பதிந்தது.

"எடு."

"என்னாத்த?"

"உன்ன அங்கேருந்து எடு. நீ அங்க நிக்கக் கூடாது. இப்பவே எடு."

நாளைக்கு எடுத்துவிடுகிறேன், இது ரொம்ப வேலை என்றேன். "இப்பவே எடுடி" என்று கத்தினாள். அத்தை என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டதே இல்லை. நான் உட்கார்ந்து, நானாக இருந்த ஒவ்வோர் எண்ணின் மேலும் பூஜ்யம் அடித்தேன். சடைகள், பாவாடை, கால்கள். அவள் என் முதுகுக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு என் தலைமேல் விழுந்தது. முடிந்ததும் மறுபடி ஓடவிடச் சொன்னாள். அவன் வந்தான், நடந்தான், கதவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை. இன்னொரு முறை ஓடவிடச் சொல்லிப் பார்த்தாள். யாரும் இல்லை என்று உறுதியான பிறகே டிவியை அணைத்தாள்.

பிறகு அடுப்படிக்குப் போய்க் கைப்பிடி உப்பும் மிளகாயும் எடுத்து வந்தாள். என்னைக் கிழக்குப் பார்த்து உட்காரவைத்து, தலையைச் சுற்றி, என்னைத் துப்பச் சொல்லி, கொண்டுபோய் அடுப்பில் போட்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். மணிக்கட்டு வலித்தது. ஒரு லீவு முழுக்க உட்கார்ந்து எழுதியதற்கு அவள் நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. அத்தைக்குத் தன் மகன்தான் வேண்டும், அவன் எழுதியதற்குள் நான் வந்து நிற்பது அவளுக்குப் பிடிக்கவில்லை, அவளுக்கு என்மேல் பிரியமே இல்லை என்று அன்றைக்கு எனக்குத் தெளிவாக விளங்கிவிட்டது. சாயங்காலம் அம்மா வந்ததும் அதைச் சொல்லித்தான் அழுதேன்.